கண் கட்டத்துக்கு ஏன் டிஃபால்ட் கிடையாது

நான் ஓய்வு பெற்று மூன்று வாரம்கூட ஆகியிருக்காது. நம் ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவிலிருந்து உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தார். “மேடம், ஆபரேஷன் எந்தக் கண்ணுலன்னு கேக்கற கட்டத்துக்கு மட்டும் டிஃபால்ட் இல்லாம இருக்கு. தானாவே வலதுன்னு விழற மாதிரி போட்டு விட்டா டாக்டருங்களுக்கு ஒரு கிளிக் மிச்சமாகும். போட்டுறவா?” என்று கேட்டார். “போட்டுறாத” என்று சொல்லி வைத்துவிட்டேன். கோபத்தில் வைத்ததாக நினைத்திருப்பார். கோபம்தான். ஆனால் அவர் கேட்டதில் தப்பில்லை. அதே யோசனை ஒருகாலத்தில் எனக்கும் வந்தது. நான் யாரையும் கேட்காமல் போட்டும்விட்டேன். அதனால் என்ன ஆனது என்று எழுதிக் கொடுத்துவிட்டால், இனி யாரும் எனக்குப் போன் செய்து திட்டு வாங்க வேண்டியிருக்காது.

முதலில் கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். திண்டுக்கல்லில் ஒரு கண் ஆஸ்பத்திரி முழுவதும் நோட்டுப் புத்தகத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது, அதைக் கணினிக்குக் கொண்டுவந்த டேபிள்களை, அதாவது விவரம் ஏறும் அட்டவணைகளை, வடிவமைத்தவள் நான். ஒற்றை ஆளாக. ஒவ்வொரு கட்டத்துக்கும் எதை உள்ளே விடலாம், எதை விடக்கூடாது என்று உட்கார்ந்து யோசித்து எழுதினேன். வயது நூற்றுப்பத்தைத் தாண்டினால் டேபிள் வாங்காது. ஒரே நோயாளி எண்ணை இரண்டு பேருக்குக் கொடுக்க முடியாது. எங்கள் தெருவில் “சவரியம்மா” என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள், அந்த நாலு பேரில் இரண்டு பேருக்கு அப்பா பேரும் ஒன்றாக இருக்கும். அப்படிப்பட்ட ஊரில் எண்ணை நம்பாமல் வேறு எதை நம்புவது? பதிவேட்டில் இல்லாத ஆளுக்கு அறுவை சிகிச்சை எழுத முடியாது. எந்தக் கண் என்ற கட்டத்தில் ‘வலது’, ‘இடது’ இரண்டைத் தவிர வேறெதுவும் ஏறாது. அதைக் காலியாக விடவும் முடியாது.

இதையெல்லாம் திரையில் தடுத்தால் போதாதா, டேபிளில் எதற்கு என்று கேட்பீர்கள். நான் இருந்த காலத்தில் அந்தத் திரை ஐந்து முறை மாறியது. ஒவ்வொரு தடவையும் புதுசாக எழுத வந்தவர்கள் பழைய தடைகளில் இரண்டு மூன்றை மறந்தார்கள். டேபிளில் நான் எழுதி வைத்தது மட்டும் அப்படியே நின்றது. அதில் எனக்கு இன்றைக்கும் கர்வம் உண்டு, மறைக்க மாட்டேன்.

அந்தக் கர்வம்தான் என்னைக் கவிழ்த்தது.

நம் ஆஸ்பத்திரி அப்போது கிராமங்களில் கண்புரை முகாம் நடத்தத் தொடங்கியிருந்தது. முகாமில் பதிவு மேசைக்குப் பொறுப்பு யாஸ்மின். பேகம்பூரிலிருந்து வேலைக்கு வருபவள். என்னைவிட எட்டு வயது இளையவள், வாய் மட்டும் என்னைவிட மூத்தது. சாணார்பட்டி முகாமிலிருந்து ஒருநாள் காலையில் கூப்பிட்டாள்.

“யக்கா, அந்தக் கண்ணு கட்டத்த நெரப்பாம ஆள உள்ள விட மாட்டேங்குது. டாக்டரு இன்னும் பாக்கவே இல்ல. எந்தக் கண்ணுல ஆபரேசன்னு நான் எப்படிக்கா போடுறது? இங்க வரிச ரோட்டு வரைக்கும் நிக்குது. அம்புட்டு பேரும் என்னையத்தான் வையிறாக.”

அவள் சொன்னது நியாயம். ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்த பிறகு விவரம் கணினிக்கு வரும். முகாமில் முதலில் பதிவு, அப்புறம்தான் டாக்டர். எந்தக் கண் என்ற விவரம் பிறப்பதற்கு முன்பே அதைக் கொடு என்று என் டேபிள் அடம்பிடித்தது. அந்தக் கட்டம் பதிவு டேபிளில் இருந்ததே தப்பு. அதைப் பெயர்த்து டாக்டர் நிரப்பும் தனி டேபிளுக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். அதற்கு இரண்டு நாள் வேலை இருந்தது. அல்லது, அப்போதைக்குக் காலியாக இருக்கட்டும் என்றாவது விட்டிருக்க வேண்டும். காலியாக விடக்கூடாது என்ற கட்டுப்பாட்டை எழுதியவள் நான், அதை நானே எடுப்பதா என்று எனக்குத் தோன்றியது. இரண்டும் செய்யாமல் மூன்றாவதாக ஒன்று செய்தேன். யாரும் எதுவும் போடாவிட்டால் ‘வலது’ என்று தானாக விழும்படி ஒரு டிஃபால்ட் வைத்தேன். மருமகளை வலது காலை எடுத்து வைத்து வா என்று கூப்பிடுகிற ஊர் நம் ஊர். இடது என்று போட என் கைக்கு வரவே இல்லை.

“இப்ப பாரு” என்றேன் யாஸ்மினிடம்.

“போயிருச்சுக்கா! சூப்பர்க்கா!”

டாக்டர் பார்த்து முடித்ததும் ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். அந்தச் சீட்டைப் பார்த்து, இடது கண்காரர்களுக்கு மட்டும் யாஸ்மின் கட்டத்தை மாற்றிவிடுவாள். ஐந்தாறு மாதம் ஒரு குறையும் இல்லை. என் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து நானே சிரித்துக்கொண்டேன்.

அப்புறம் நெய்க்காரப்பட்டி முகாம் வந்தது. மதியத்துக்கு மேல் டாக்டர் பாதிப் பேரைப் பார்த்து முடித்த நேரத்தில் மழை கொட்டியது. கரண்ட் போனது. பந்தலுக்குள் தண்ணீர் புகுந்து மேசையில் இருந்த சீட்டுக் கட்டு ஊறிப் போனது. அறுவை சிகிச்சைக்கு எடுத்த இருபத்திரண்டு பேரையும் பஸ்ஸில் ஏற்றி, லேப்டாப்பைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு யாஸ்மினும் ஏறிவிட்டாள். எத்தனை பேருக்கு மாற்றினோம், எங்கே விட்டோம் என்று அவளுக்கு நினைவில்லை. மறுநாள் காலையில் வந்ததும் முதல் வேலையாகப் பட்டியலைத் திறந்து பார்த்தாள். ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை. சரி, எல்லாம் முடித்துவிட்டோம் போல என்று அச்சுக்கு அனுப்பிவிட்டாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அந்தப் பட்டியல் தியேட்டர் சிஸ்டரின் கைக்குப் போனது. அவர் பெயரை எழுத வேண்டாம் என்று என்னிடம் கறாராகச் சொல்லியிருக்கிறார், அதனால் சிஸ்டர் என்றே வைத்துக்கொள்வோம். பட்டியலைப் பார்த்து, அறுவை செய்யவேண்டிய கண்ணுக்கு மேலே புருவத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவது அவர் வேலை. ஸ்டிக்கர் இருக்கும் பக்கம் மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். அதன் பிறகுதான் டாக்டர். டாக்டர் பார்க்கமாட்டாரா என்று கேட்காதீர்கள். பார்ப்பார். டாக்டர் பார்ப்பார் என்று ஊசி போடுபவரும், சிஸ்டர் பார்த்திருப்பார் என்று டாக்டரும், எல்லோரும் பார்த்திருப்பார்கள் என்று கணினிப் பிரிவும் நினைத்துக்கொண்டிருந்த காலை அது.

பட்டியலில் மூன்றாவது பெயர் பழனியம்மாள். நெய்க்காரப்பட்டிக்குப் பக்கத்தில் கத்தரியும் தக்காளியும் போட்டு ஒட்டன்சத்திரம் சந்தைக்கு அனுப்பும் விவசாயி. கண்: வலது. சிஸ்டர் ஸ்டிக்கரை ஒட்டினார். அந்த அம்மாள் ஒரு வார்த்தை பேசாமல் முகத்தைக் காட்டினார். சிஸ்டரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்தக் கண் என்று நோயாளியைக் கேட்கவே மாட்டார். கேட்டால் நம் சனம் கையில் இருக்கும் காகிதத்தைப் பார்த்துவிட்டு, நீங்கள் சொல்வதுதான் சரி என்று சொல்லிவிடுமாம். அதனால் தன் உள்ளங்கையால் ஒவ்வொரு கண்ணாகப் பொத்தி விரலைக் காட்டுவார். அன்றைக்கும் இடது கண்ணைப் பொத்தினார்.

“எத்தன வெரலும்மா?”

“மூணுங்க.”

வலது கண்ணைப் பொத்தினார். “இப்ப?”

“அதுல ஒண்ணுந் தெரியாதுங்க. அதுக்குத்தானுங்களே வந்திருக்கறேன்.”

“அப்பறம் ஏம்மா? இந்தக் கண்ணுல ஒட்டுறப்ப வாயத் தொறந்து சொல்லக் கூடாதா?”

“பெரிய ஆசுபத்திரிங்க. நல்ல கண்ணு வழியாத்தான் கெட்ட கண்ணுக்கு வைத்தியம் போகுமாட்ட இருக்குதுன்னு நெனச்சேனுங்க.”

ஊசித் தட்டு பக்கத்திலேயே தயாராக இருந்தது. சிஸ்டர் அந்த ஸ்டிக்கரைப் பிய்த்து விரலிலேயே ஒட்டிக்கொண்டு நேராக என் அறைக்கு வந்தார். விரலை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

“ஜெசிந்தா, ஒன் லிஸ்டு பொய் சொல்லுது.”

நடந்ததைச் சொன்னார். பட்டியலைத் திறந்தேன். பதினெட்டு பேருக்கு வலது, நாலு பேருக்கு இடது. அந்தப் பதினெட்டில் டாக்டர் பார்த்துச் சொன்ன வலது எது, என் டிஃபால்ட் போட்ட வலது எது? திரையில் இரண்டும் ஒரே எழுத்து, ஒரே நிறம். டேபிளைப் படைத்த எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. காலியாக இருந்திருந்தால் ஒரு குழந்தைகூடக் கண்டுபிடித்திருக்கும். தெரியாததைத் தெரிந்தது போலக் காட்ட வழிசெய்தவள் நான். யாஸ்மினைக் கூப்பிட்டுச் சீட்டுகளைக் கேட்டேன். ஒரு பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்தாள். மை கரைந்து, ஒன்றோடொன்று ஒட்டி, பிரித்தால் கிழிந்தது. “யக்கா, என் வேல போச்சுல்ல?” என்று அழ ஆரம்பித்தாள். “ஒன் வேல எங்கயும் போகாது, செத்த நேரம் உக்காரு” என்று சொல்லிவிட்டுத் தியேட்டர் வாசலுக்கு ஓடினேன்.

ஆஸ்பத்திரித் தலைவரான பெரிய டாக்டர் அறுவைக்குக் கை கழுவிக்கொண்டிருந்தார். அன்றைக்கு மாலை நாலு மணிக்குள் தியேட்டரை இன்னொரு டாக்டருக்கு விட்டாக வேண்டும். விஷயத்தைச் சொன்னேன்.

“அந்த அம்மாவுக்கு இடதுன்னு திருத்தி லிஸ்ட்டைக் குடுங்க. ஆரம்பிக்கலாம்” என்றார்.

“அந்த ஒண்ணு மட்டும்தான் தப்புன்னு எனக்கு எப்படி சார் தெரியும்?”

“அப்ப மிச்ச பதினேழையும் செக் பண்ணிக்கலாம். இடதுன்னு இருக்கற நாலு பேரு சரியாத்தானே இருக்கணும்? அதை யாரோ கையால மாத்தியிருக்காங்கல்ல?”

அவர் சொன்னது கணக்குக்குச் சரி. தானாக இடது விழ வழியே இல்லை. ஆனால் மழையில் அவசரமாக அடித்த கை, வேறு ஆளின் வரிசையில் அடித்திருக்காது என்று யார் சொல்வது? பாதியை நம்பலாம், பாதியை நம்பக்கூடாது என்று ஒரு காகிதத்தைத் தியேட்டருக்குள் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

“லிஸ்ட்டு தரேன் சார். கண் கட்டம் இருபத்திரண்டு பேருக்கும் வெறுமையா இருக்கும். நீங்க ஒவ்வொருத்தரையும் பாத்து உங்க பேனாவால எழுதணும்.”

“வெத்துக் காகிதத்தைக் குடுக்கறதுக்கா உங்களுக்கு ஒரு டிபார்ட்மென்ட்டு?”

“இன்னைக்கு அதுதான் சார் உண்மையான காகிதம். தப்பு யாஸ்மினோடது இல்ல, என்னோடது. அப்பறமா என்ன வேணாலும் சொல்லுங்க, வாங்கிக்கிறேன்.”

அவர் அப்புறமா வரைக்கும் காத்திருக்கவில்லை. அங்கேயே, வார்டு பாய் முதல் ஊசி போடுபவர் வரை எல்லோர் முன்னாலும் நன்றாகத் திட்டினார். கேட்டுக்கொண்டு நின்றேன். காது சுட்டது. ஆனால் கடைசியில் “கொண்டாங்க” என்றார்.

அறைக்கு வந்தேன். பழைய விவரத்துக்கு ஒரு நகல் எடுத்து வைத்தேன். காலியாக விடக்கூடாது என்ற கட்டுப்பாட்டை எடுத்தேன். டிஃபால்டை எடுத்தேன். இருபத்திரண்டு பேரின் கண் கட்டத்தையும் காலியாக்கினேன். ஐந்து நிமிஷ வேலை. அந்த டேபிளில் நான் செய்த வேலைகளிலேயே மிகத் தெளிவாகச் செய்தது அதைத்தான்.

டாக்டர் ஒவ்வொருவரையும் கருவியில் உட்கார வைத்துப் பார்த்து எழுதினார். முடிய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வலது என்று இருந்த பதினெட்டில் பழனியம்மாளோடு சேர்த்து இன்னொருவருக்கும் இடது வந்தது. தென்னந்தோப்பு வைத்திருப்பவர், அவரும் எதுவும் கேட்காமல் புருவத்தைக் காட்டக் காத்திருந்தார். இடது என்று இருந்த நாலும் சரியாகவே இருந்தன. பெரிய டாக்டர் அதைச் சொல்லிக் காட்டத் தவறவில்லை. நாலு மணிக்குத் தியேட்டரை விட முடியவில்லை. மறுநாள் கட்டு அவிழ்த்தபோது பழனியம்மாள் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு தன் கைவளையலை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். அந்த வாரம் முழுக்க என்னை யாரும் பாராட்டவில்லை. சிஸ்டர் மட்டும் சாப்பாட்டு நேரத்தில் வந்து சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளக் கொண்டுவந்த வெஞ்சனத்தில் பாதியை என் தட்டில் வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் வேலையை நான்கு நாள் உட்கார்ந்து செய்தேன். இப்போது நீங்கள் பார்ப்பது அதுதான். பதிவு டேபிளில் கண் என்ற கட்டமே கிடையாது. பரிசோதனைக்குத் தனி டேபிள். அதில் நோயாளி எண், எத்தனையாவது வருகை, எந்தக் கண், டாக்டர் கண்டது என்ன. டாக்டர் பார்க்கும் வரை அங்கே ஒரு வரியும் இருக்காது. வரி வந்துவிட்டால் எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது, டிஃபால்டும் கிடையாது. அறுவை சிகிச்சை டேபிளிலிருந்து அதற்கு ஒரு ஃபாரின் கீ, இரண்டையும் சேர்த்துக் கட்டும் முடிச்சு. அந்த வருகையில் அந்தக் கண்ணுக்குப் பரிசோதனை வரி இல்லையென்றால் அறுவை சிகிச்சையைப் பதியவே முடியாது. மறுக்கும்போது திரையில் வாயில் நுழையாத பிழைச் செய்தி வராமல் தமிழில் ஒரு வரி வரும்படி வைத்தேன்: “இந்தக் கண்ணை இந்த வருகையில் யாரும் பரிசோதிக்கவில்லை.”

இரண்டு வருஷம் போனது. ஒருநாள் காலை பத்தரை மணிக்கு என் மேசைப் போன் அடித்தது. பெரிய டாக்டர்.

“ஜெசிந்தா, நெய்க்காரப்பட்டி பழனியம்மா வந்திருக்காங்க. வலது கண்ணு மங்குதாம். இன்னைக்கே பண்ணிடலாம்னு போட்டா உங்க சிஸ்டம் ஏத்துக்க மாட்டேங்குது.”

“இந்த விசிட்ல எக்ஸாமினேஷன் வரி இருக்கா சார்?”

“எனக்குத் தெரியாதா எந்தக் கண்ணுன்னு? இடது நான்தானே பண்ணேன்! மிச்சம் இருக்கறது ஒண்ணே ஒண்ணுதானே!”

அவர் சொன்னதில் ஓட்டை எதுவும் இல்லை. இந்தத் தடவை கண் மாறவும் வழியில்லை. கட்டுப்பாட்டைக் கழற்றிவிட எனக்கு ஒரே ஒரு கட்டளை போதும். அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் என்னைத் திட்டியவர், ஆஸ்பத்திரியின் தலைவர், ஒரு நோயாளி விஷயத்தில் உத்தரவு போடுகிறார். நான் டாக்டரும் இல்லை. இவ்வளவும் எனக்குள் ஓடியது.

“கழட்ட எனக்கு ஒரு நிமிஷம் போதும் சார். கழட்ட மாட்டேன். கண்ணப் பாத்து ரெண்டு வரி போடுங்க, அதுவே தொறந்துக்கும்.”

போனை வைத்த சத்தம் என் காதில் அடித்தது. யாஸ்மின் எதிரில் உட்கார்ந்திருந்தாள். “என்னக்கா?” என்றாள். “ஒண்ணுமில்ல, என் வேல போனாலும் போகும்” என்றேன். இருபது நிமிஷம் நான் எந்த வேலையும் செய்யவில்லை. விதிக்காக விதி என்று பிடிவாதம் பிடிக்கிறோமோ, பழைய கர்வம்தான் வேறு சேலை கட்டி வந்திருக்கிறதோ என்றுகூட நினைத்தேன்.

மறுபடி போன் அடித்தது. அவர் குரல் இறங்கியிருந்தது.

“கண் அழுத்தம் ஏகத்துக்கு ஏறிக் கெடக்கு ஜெசிந்தா. புரை பேருக்குத்தான் இருக்கு, மங்குறதுக்குக் காரணம் அது இல்ல. இந்த நெலமையில கண்ணத் தொறந்திருந்தா உள்ள ரத்தம் கசிஞ்சு பார்வையே போயிருக்கும்” என்றார். கூடவே, “அந்தக் கட்டுப்பாட்ட யாரு சொன்னாலும் எடுக்காதீங்க. நான் சொன்னாலும்” என்றார்.

போனை வைத்துவிட்டு நடைபாதைக்கு வந்தேன். பழனியம்மாள் பெஞ்சில் மாத்திரைப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னை அவருக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி அட்டை கழுத்தில் தொங்கியதால் கூப்பிட்டார்.

“ஏனுங்க, காத்தால கெளம்பி இத்தன தூரம் வந்தேன். இன்னைக்கு இல்லீங்கறாங்க. மொதல்ல மருந்து ஊத்தி அழுத்தத்தக் கொறைக்கோணுமாமுங்க. டாக்டரு செய்யறேன்னுதான் சொன்னாரு, அந்த மிசினுதான் ஒத்துக்கலையாமுங்க.”

“அது ஒத்துக்காதும்மா” என்றேன். “உங்க கண்ணப் பாக்காம யாரு சொன்னாலும் ஒத்துக்காதன்னு அதுக்குச் சொல்லி வச்சது நான்தான்.”